மெதுவா அண்ணனின் தும்மல்

ஆரணியில் ரகசியம் என்று ஒன்று தங்காமல் போனதற்கு மெதுவா அண்ணன்தான் முழுப் பொறுப்பு. அவர் ஒருவர் காதோடு காதாகச் சொன்னால், கோட்டை மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

அவர்மேல் குற்றமில்லை. பவர்லூம் ஷெட்டில் நாளெல்லாம் தறிகளின் தடதடப்புக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அங்கே பக்கத்துத் தறிக்காரரை டீக்குக் கூப்பிடுவதென்றாலும் அடிவயிற்றிலிருந்துதான் கூப்பிட வேண்டும். ஷெட்டை விட்டு வெளியே வந்தாலும் அதே குரல். எதிரில் வருகிறவர்கள் எல்லாம் “மெதுவா, மெதுவா” என்று கையைத் தாழ்த்திக் காட்டிக் காட்டி, அதுவே அவர் பெயராகிவிட்டது. ரேஷன் கார்டில் என்ன பெயர் இருந்ததோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் தொண்ணூறுகளில் எங்கள் நாடகக் குழு பிராம்ப்டராக வைத்திருந்தது. அதாவது, திரை மறைவில் நின்றுகொண்டு, நடிகர்கள் மறந்துபோன வசனத்தை யாருக்கும் கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற வேலை!

எங்களுக்கு வேறு வழியும் இல்லை. குழுவில் நடிக்கிறவர்கள் எல்லோரும் நெசவுக்காரர்கள். அமாவாசைக்குத்தான் தறிக்கு லீவு, ஆகவே ஒத்திகையும் அமாவாசைக்கு அமாவாசைதான். ஒரு அமாவாசையில் மனப்பாடம் செய்தது பௌர்ணமிக்குள் கரைந்துவிடும். அத்தனை வசனமும் மறக்காமல் இருந்தது அவர் ஒருவருக்குத்தான்.

எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து ஊர் ஊராக யார் யாரோ போட்டுத் தேய்ந்த பழைய நகைச்சுவை நாடகம் அது. இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு பெண் பார்க்க வரும் பொய்ப் பணக்காரன் நான். அண்ணன் வசனத்தை எடுத்துக் கொடுத்தால் சபை முழுக்கக் கேட்கும். பிறகு நான் அதையே ஒருமுறை சொல்வேன். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நகைச்சுவை வருவதற்கு முன்பே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அதிலும் ரகம் உண்டு. மாமனாரின் பல்செட் பாயசத்தில் விழும் இடத்துக்குத் தொடையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். கோட்டு வசனத்துக்கு மட்டும் மூக்கு வழியாகச் சிரிப்பார், அது அடுக்குத் தும்மலில் போய் முடியும்.

முதன்முறையாக வெளியூர் வாய்ப்பு வந்தது, செய்யாற்றில். எங்கள் டைரக்டர் பள்ளிக்கூட வாத்தியார். அண்ணனை அழைத்து, “நீ ஓரத்துல நிக்க வேணாம். கூட்டத்தோட கடைசி வரிசையில உக்காரு. வாயத் தொறந்த, அடுத்த நாடகத்துல நீ கெடையாது” என்றார்.

அண்ணன் முகம் தொங்கிப்போனது. “சரிங்க வாத்தியாரே. தொறக்கல. மாசம் பூரா அந்த ஷெட்டுல காது அடைச்சிகினு பேஜாரா கீது. இந்த அமாவாசை ஒண்ணுலதான் நாலு பேரோட சிரிச்சிகினு கெடக்கறேன். அதையும் புடுங்கிடாதீங்க” என்றார். அதையும் தெரு முழுக்கக் கேட்கத்தான் சொன்னார். ஆனால் அன்று யாரும் சிரிக்கவில்லை.

செய்யாற்றில் அரங்கம் நிறைந்திருந்தது. பெண்ணின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்து, “மாப்ள, கோட்டு இன்னா இவ்ளோ தொளதொளன்னு கீது?” என்று கேட்டார். பதில் என் வாயில் இல்லை. மண்டையிலும் இல்லை. பழக்க தோஷத்தில் ஓரத்தைப் பார்த்தேன், அங்கே வெறும் திரைதான் ஆடிக்கொண்டிருந்தது.

கடைசி வரிசையில் அண்ணன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் பிதுங்கியது. ஆனால் அவர் மனசுக்குள் நாடகம் நிற்கவில்லை போலும். நான் சொல்லாத வசனம் அங்கே வந்துவிட்டது. மூக்கு வழியாக ஒரு சிரிப்பு கிளம்பியது. தொடர்ந்து தும்மல், தும்மல், தும்மல்!

கோட்டு வசனத்தின் தும்மல்! அதைக் கேட்டதும் வசனம் நாக்குக்கு வந்துவிட்டது.

“உங்க தெருமுனை வரைக்கும் சரியாத்தாங்க இருந்துது. பயத்துல எளைச்சிட்டேன்!”

அரங்கம் அதிர்ந்தது. நான் திருதிருவென்று முழித்ததை நடிப்பு என்று நினைத்துத் தனியாகக் கை தட்டினார்கள். அதன் பிறகு தடுமாறிய இடத்திலெல்லாம் கடைசி வரிசைக்குக் காது கொடுத்தே மிச்ச நாடகத்தை ஓட்டினேன்.

திரும்பும் பஸ்ஸிலும் அண்ணன் வாயை மூடியபடியே வந்தார். வாத்தியார்தான், “இன்னும் இன்னாப்பா? நாடகம் முடிஞ்சிட்சி” என்றார்.

“அப்ப பேசலாமா?”

டிரைவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர், “யோவ், மெதுவா...” என்று ஆரம்பித்தார்.

“நீங்க சும்மா இருங்க” என்று வாத்தியார் அவரை அடக்கினார். “நீ பேசுப்பா. சத்தமாவே பேசு. அடுத்த நாடகத்துக்கு நீ ஓரத்துலயே நில்லு.”

ஆரணி வரும்வரை எல்லோருடைய வசனத்தையும் அவரே பேசித் தீர்த்தார். யாரும் கையைத் தாழ்த்திக் காட்டவில்லை.

அந்தக் கோட்டு வசனம் எனக்கு இப்போது மறப்பதே இல்லை. தனியாகச் சொல்லிப் பார்த்தால் மட்டும் சிரிப்பு வருவதில்லை. பின்னாலிருந்து அந்தத் தும்மல் வர வேண்டியிருக்கிறது.