மேஸ்திரியின் ஊளை

மேஸ்திரி மூன்றாவது முறையாக மாத்திரையைத் துப்பியது. மாத்திரையைச் சுற்றி வைத்த கோழிக்கறியை மட்டும் மூன்று முறையும் ஒழுங்காக விழுங்கியிருந்தது.

மேஸ்திரி என்பது நாய். அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர் தம்மபாலன். சுரங்கத் தொழிலாளர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வரிசை வீடு ஒன்றில் தனியாக இருப்பவர். விடியுமுன் பெங்களூர் ரயிலைப் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. மாத்திரை கொடுத்துத் தோற்றவர், அந்த கிளினிக்கின் கால்நடை டாக்டர் சாம்ராஜ்.

சாம்ராஜுக்கு இது கௌரவப் பிரச்சினை. நாய், பூனைகளின் மனக்கோளாறையும் அதற்கான மருந்தையும் பற்றி டாக்டர்களுக்கே போனில் யோசனை சொல்லும் நிபுணர் சேவை ஒன்று பெங்களூரில் இருந்தது. அதில் சேர்ந்ததும் அவர் அனுப்பிய முதல் கேஸ் இதுதான். 'நிபுணர் ஆலோசனையுடன்' என்று வாசலில் போர்டுகூட மாட்டிவிட்டார். நாய் குணமாக வேண்டியதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை தம்மபாலனுக்கு லீவு; மேஸ்திரியை வெளியே விடாமல் கூடவே வைத்துக்கொள்வார். அன்று அது காலையிலேயே ஊளையிட ஆரம்பித்துவிடும். அதுதான் கேஸ். நிபுணர் டாக்டர் மமதா அனுப்பிய படிவத்தில், உரிமையாளர் வெளியே போயிருக்கும்போது எத்தனை மணி நேரம் ஊளையிடுகிறது என்று ஒரு கேள்வி. தம்மபாலன் கண்ணை மூடி யோசித்தார்.

"நான் வூட்ல கீறப்பவே நாலு மணி நேரம் கத்துது டாக்டர். நான் இல்லன்னா இன்னா கதியோ. பன்னெண்டுன்னு போடுங்க."

சாம்ராஜ் பன்னிரண்டு என்று போட்டார். மமதா பதறிப்போனார். வேண்டியவர்களைப் பிரிந்தால் வருகிற பதற்றம், அதுவும் முற்றிய நிலை, உரிமையாளர் பத்து நாள் கூடவே இருக்கட்டும் என்றார்.

தம்மபாலன் கம்பெனியில் கெஞ்சி லீவு வாங்கினார். ஞாயிறு மட்டும் ஊளையிட்ட நாய் தினமும் ஊளையிட்டது.

அவர் போட்டுக் கழற்றிய சட்டையைப் படுக்கையில் விரிக்கச் சொன்னார் மமதா. மேஸ்திரி அதன்மேல் வசதியாக ஏறி நின்று ஊளையிட்டது. வீட்டைச் சுற்றியுள்ள ஓட்டைகளை அடைத்தால் பாதுகாப்பாக உணரும் என்றார். பின்பக்கத் தட்டியில் இருந்த ஓட்டையில் தம்மபாலன் தகரம் அடித்தார். மேஸ்திரி தகரத்தின் முன்னால் போய் உட்கார்ந்து, அதைப் பார்த்தே ஊளையிட்டது. தகரம் என்றால் பயமாக இருக்கும், துணி போட்டு மூடுங்கள் என்றார். மேஸ்திரி துணியைக் கிழித்துவிட்டு ஊளையிட்டது. கடைசியாகத்தான் இந்த மாத்திரை.

இதற்கு நடுவில் அதே லைனிலிருந்து குணசுந்தரி என்ற அம்மாள் இரண்டு முறை வந்துவிட்டார். அவருடைய ஆடு சில நாளாகத் தழையைத் தொடவில்லை. டாக்டரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றார். போனில் மமதா இருந்ததால் சாம்ராஜ் கையைக் காட்டி அவரை அடக்கினார். மனக்கோளாறு பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஆடு எல்லாம் ஒரு கேஸா? இரண்டு முறையும் ஒரு டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இன்று லீவின் கடைசி நாள். இதற்கு மேல் வராவிட்டால் வேலை இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். இந்த நிலையில் நாயைத் தனியே விட்டுப் போவது பாவம் என்று தம்மபாலன் ஒரு முடிவு எடுத்திருந்தார். நாளைக் காலை பங்காருபேட்டையிலிருந்து மச்சான் ஆட்டோவோடு வருகிறார், மேஸ்திரியைக் கூட்டிப்போக.

"ராத்திரி நான் வர்றப்ப வாசல்ல நிக்கிறது இது ஒண்ணுதான் டாக்டர்," என்றபடி தம்மபாலன் மேஸ்திரியின் கழுத்தைத் தடவினார். சாம்ராஜுக்குப் போர்டைப் பற்றிய கவலைகூட ஒரு நிமிஷம் மறந்துபோனது. மமதாவுக்கு வீடியோ கால் போட்டு, நாயின் பக்கம் போனைத் திருப்பினார்.

மேஸ்திரி கழுத்தை நீட்டி ஊளையைத் தொடங்கியது. பாதியில் நிறுத்தியது. காதைத் தூக்கியது. வால் ஆடியது.

வாசலில் குணசுந்தரி ஆட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

ஆடு கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தது. மேஸ்திரி அதன் முகத்தை நக்கிவிட்டு, காலடியில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது. ஆடு மேசைமேல் இருந்த படிவத்தை இழுத்து, பல நாள் பசியோடு மெல்ல ஆரம்பித்தது. நாலு பக்கமும் உள்ளே போயின.

"எக்ஸலன்ட்," என்றார் போனில் மமதா. "என்ன மருந்து கொடுத்தீங்க டாக்டர்?"

சாம்ராஜ் குணசுந்தரியைப் பார்த்தார். குணசுந்தரி தம்மபாலனைப் பார்த்தார்.

"மருந்து எதுக்கு டாக்டரு? மூணு வருசமா அது டே ஷிஃப்ட் எங்க வூட்ல ஆட்டோட, நைட் ஷிஃப்ட் இவரு வூட்ல. பத்து நாளா இவருதான் தகரம் அடிச்சி, ஷிஃப்டுக்கே வுடாம புடிச்சி வெச்சிகினு கீறாரு."