தும்மலை அழுகை என்று அச்சிட்டது குறித்து

சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு, கலிபோர்னியா
ஜூன் 9, 1931

மதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. கிரேவ்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் அறியாத தங்களுக்கு இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் எந்தப் பத்திரிகைக்கும் கடிதம் எழுதியதில்லை. போன வருடம் நான் பட்டம் வாங்கிவிட்டதால், எழுத வேண்டியது எது வந்தாலும் "நீதான் படிச்சவளாச்சே" என்று என் முன்னால் வைத்துவிடுகிறார்கள். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் நலமே, ஜூலை நாலாம் தேதி வரைக்கும்.

தங்கள் 'திரைமுகங்கள்' ஆண்டுக் கையேட்டின் இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் இருக்கும் வார்ட் ஸ்டாக்டன் என் அப்பா. வீட்டில் வைத்த பெயர் வாட்ஸ்லாவ் ஹோலுப், அம்மா கூப்பிடுவது வாஷெக். அவர் வாழ்க்கையைப் பற்றித் தாங்கள் அச்சிட்ட பன்னிரண்டு வரிகளை நம்பி, எங்கள் ஊர் விழாக் குழுவினர் சுதந்திர தின ஊர்வலத்தில் முதல் ஆளாக அவரைக் குதிரைமேல் ஏற்றத் தீர்மானித்திருக்கிறார்கள். குதிரை முடி பட்டால் அப்பாவுக்கு மூச்சு அடைத்துக்கொள்ளும். இன்னொரு தடவை அடைத்தால் திறப்பது உறுதியில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தங்கள் திருத்தத் தாள் இருபதாம் தேதி வெளியாகும் என்று கையேட்டின் பின்னட்டையில் படித்தேன். அதில் சில திருத்தங்கள் வந்தால் அப்பா பிழைப்பார். அதற்காகத்தான் இந்தத் தொந்தரவு.

முதல் வரியில் அப்பா வயோமிங் மாநிலத்து மாட்டுப் பண்ணை ஒன்றில் பிறந்து, நடக்கும் முன்பே சவாரி பழகியவர் என்று இருக்கிறது. அவர் பிறந்தது அயோவாவில், ஒரு முடிதிருத்தும் கடையின் மாடியில். அவர் பழகியது கத்தியும் சோப்பு நுரையும்தான். பிறகு கலிபோர்னியாவுக்குக் குடிவந்தார். 1911இல் ஒரு படக் கம்பெனி இந்தப் பக்கம் வந்தபோது, அவர்களுக்குச் சவரம் செய்யப் போனார். அன்றைக்குக் கதாநாயகனாக நடிக்க வேண்டியவர் முந்தின நாள் வேலியில் விழுந்து கால் முறிந்து கிடந்தார். இயக்குநர் திரு. கெல்சோ, பாதி முகம் நுரையோடு நாற்காலியில் சாய்ந்தபடி, மேலே தெரிந்த அப்பாவின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "யோவ், உனக்குக் குதிரை ஏறத் தெரியுமா?" என்று கேட்டார். அப்பா "தெரியும்" என்றார்.

இங்கே ஒன்றைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். முடிதிருத்துகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கத்தி கழுத்தில் இருக்கும்போது வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இல்லை என்றால் அவர் தலையைத் திருப்புவார். திருப்பினால் ரத்தம் வரும். அப்பாவின் நடிப்பு வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு 'தெரியும்' என்ற சொல்லில்தான் தொடங்கியது.

அடுத்து, 'எந்த முரட்டுக் குதிரையையும் தாமே அடக்கியவர்' என்கிற வரி. தூரத்தில் பாய்ந்து போவதெல்லாம் லெம் பாக்ஸ்டர் என்பவருடைய முதுகு. பேக்கர்ஸ்ஃபீல்டுக்காரர், நல்ல மனிதர், அப்பாவைவிட இரண்டு அங்குலம் குள்ளம். அதனால்தான் அப்பா ஓடும்போது குட்டையாகவும் நின்றால் நெட்டையாகவும் தெரிவார். கிட்டத்துக் காட்சிகளில் அவர் உட்கார்ந்திருந்தது ஒரு மரப் பீப்பாய். அதை வண்டியில் ஏற்றி இரண்டு தச்சர்கள் ஆட்டுவார்கள். ஒருமுறை அவர்கள் இருவருக்குள் ஏதோ சண்டை, ஆளுக்கொரு பக்கமாக ஆட்டியதில் அப்பா உருண்டு கள்ளிச்செடியில் விழுந்தார். அந்தக் காட்சியை அப்படியே வைத்துக்கொண்டு, 'துரோகி சுட்டுவிட்டான்' என்று, பேச்சுக்குப் பதிலாகத் திரையில் காட்டும் எழுத்து அட்டை ஒன்றை நடுவில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் படத்தில் துரோகியே கிடையாது. அட்டைக்காக அடுத்த வாரம் ஒருவரைப் பிடித்தார்கள்.

ஆனாலும் ஏறுவதும் இறங்குவதும் உண்மையான குதிரையில் எடுக்க வேண்டியிருந்தது. ஜெனரல் என்று ஒரு வெள்ளைக் குதிரை. சாதுவானது. அதன் பக்கத்தில் போனதும் அப்பாவுக்கு முதலில் கண் சிவக்கும், பிறகு தண்ணீர் கொட்டும், பிறகு தும்மல். அந்தக் காலத்துப் படத்தில்தான் சத்தம் கிடையாதே. திரையில் பார்த்தவர்களுக்கு ஒரு மனிதன் குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்து உடல் குலுங்க அழுவது மட்டும் தெரிந்தது. டென்வரிலும் ஒமாஹாவிலும் பெண்கள் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வீடு திரும்பினார்களாம். கம்பெனியின் விளம்பர அதிகாரி திரு. டாலிவர் ஓடி வந்து, "ஸ்டாக்டன், ஒரு படத்துக்கு ரெண்டு அழுகை வேணும். குதிரைய நல்லா மோந்து பாருங்க" என்றார். தங்கள் பதிவின் ஏழாவது வரி, 'ஓடைக்கரையில் தன் குதிரையைப் பிரியும் காட்சியில் அவர் சிந்திய கண்ணீர் இன்றளவும் ஈடு இணையற்றது' என்கிறது. ஐயா, அது ஒவ்வாமை. அப்பாவின் எல்லாக் கண்ணீரும் ஒவ்வாமைதான்.

பேசும்படம் வந்ததும் எல்லாம் முடிந்தது. ஒலிப்பதிவுச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். அப்பா ஜெனரலைத் தழுவினார். ஒலிப்பதிவாளர் காதுக் கருவியைக் கழற்றிவிட்டு, "குதிரைக்கு ஜலதோஷமா?" என்று கேட்டார். அன்று மத்தியானமே அப்பா வீட்டுக்கு வந்து, பழைய கத்திகளை எடுத்துத் தீட்டத் தொடங்கினார். உண்மையைச் சொன்னால், அவர் அதற்கு முன் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை. இப்போது கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை, இரண்டு நாற்காலி.

தங்கள் கையேடு மார்ச்சில் வந்தது. அதிலிருந்த புகைப்படத்தை வைத்து ஊரார் அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். விழாக் குழுத் தலைவி திருமதி பிளாட் இந்த ஊருக்குப் புதியவர். அவர் கணவர் சவரத்துக்கு வந்தார். அம்மையாரும் கூடவே வந்து வாசலில் நின்றார். திரு. பிளாட்டின் தொண்டைக்குழியில் கத்தி இருக்கும் நேரமாகப் பார்த்து, "நாலாம் தேதி ஊர்வலத்துக்கு முன்னாடி வெள்ளைக் குதிரையில வருவீங்கல்ல மிஸ்டர் ஸ்டாக்டன்?" என்று அவர் கேட்க, திரு. பிளாட்டும் நுரைக்குள்ளிருந்து "வருவீங்கல்ல?" என்றார். அப்பா ஆமாம் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் வாஷெக், சாகறதுக்கு நல்ல நாளாத்தான் பாத்திருக்காங்க. பேண்டு வாத்தியம் வேற."

"கத்தி கையில இருந்துச்சு அனெஷ்கா."

"கத்தியக் கீழ வெச்சப்புறம் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே. தும்மல் வரும்னு சொன்னேன். 'பெரியவங்களுக்கே உள்ள அடக்கம்'னு சொல்லி அந்தம்மா என் கையப் புடிச்சுக்கிச்சு."

மறுநாள் நானும் போய்ச் சொல்லிப் பார்த்தேன். எனக்குப் புதியவர்களிடம் பேச வராது. வாக்கியத்தைத் தொடங்கினால் கால்விரலைப் பார்த்துக்கொண்டே முடிப்பேன். அன்றும் நான் அவர் மகள் என்பதைச் சொல்லவே விட்டுவிட்டேன். திருமதி பிளாட் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கண்ணு, நீ சொல்றது வாய்ப்பேச்சு. இது அச்சுல இருக்கு" என்று தங்கள் கையேட்டைத் திறந்து காட்டினார். நானும் அச்சில் இருப்பதை நம்பித்தான் நான்கு வருடம் படித்தேன்.

ஆகவே திருத்தத் தாளில், 'வார்ட் ஸ்டாக்டன் அயோவாவில் பிறந்த முடிதிருத்துநர், சவாரி செய்ததில்லை, கண்ணீர்க் காட்சிகள் அனைத்தும் குதிரை முடியால் வந்த தும்மல்' என்று மூன்று வரி வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மீண்டும் மன்னிக்கவும். தங்கள் கையேடு பல பதிப்புகள் காணவும், தங்கள் அச்சுக்கோப்பவர்களின் கண்கள் நன்றாக இருக்கவும் எங்கள் வீட்டார் எல்லோருடைய வாழ்த்துகளும்.

இப்படிக்கு,
பணிவுள்ள,
லுட்மிலா ஹோலுப்

பின்குறிப்பு: நான் தபால்தலை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டார். மெதுவாகத்தான் படித்தார். பிறகு, "எல்லாம் சரிதான் மிலா. அந்த ஓடைக்கரை மட்டும் தப்பு" என்றார்.

"தும்மல்தானேப்பா?"

"அன்னைக்குக் குதிரையே வரலியே. முகத்த மட்டும் கிட்டத்துல எடுக்கறப்போ குதிரை எதுக்கு? ஜெனரல் அரை மைல் தள்ளி புல்லு தின்னுட்டு இருந்துச்சு."

எனக்கு அப்போது நாலு வயது. அம்மாவும் நானும் பிளம் பழம் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டி எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்கப் போயிருக்கிறோம். கதாநாயகனுக்கு மனைவி பிள்ளை உண்டென்று வெளியே தெரியக்கூடாது என்று திரு. டாலிவர் எங்களைக் கேமராவுக்குப் பின்னால் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாராம். எனக்குக் கொலாச்சிப் பை கிழிந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

"நீ கையாட்டிக்கிட்டே போன," என்றார் அப்பா. "திருப்பி ஆட்டக் கூடாதுன்னு என்கிட்ட சொல்லி வெச்சிருந்தாங்க."

அதற்குள் அம்மா வெளியிலிருந்து வந்தாள். திருமதி பிளாட்டைப் பார்த்துவிட்டு வருகிறாளாம். "குடும்பத்தோட வர்றவங்கள கார்லதான் உக்கார வெப்பாங்களாம். 'ஆனா ஸ்டாக்டனுக்கு ஏது குடும்பம், அச்சுல இல்லையே'ன்னு என்கிட்டயே சொல்றா. என்னைய அவர் சமையல்காரின்னு நெனச்சிருக்கா."

ஆகவே, ஐயா, மேலே எழுதிய மூன்று வரிகளையும் தள்ளிவிடுங்கள். வயோமிங்கும் முரட்டுக் குதிரையும் கண்ணீரும் இருந்துவிட்டுப் போகட்டும். பன்னிரண்டாவது வரியில் 'மணமாகாதவர்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைப் பற்றி நான் இதுவரை எழுதவில்லை. எழுதக் கூச்சமாக இருந்தது. அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, 'மனைவி அனெஷ்கா, ஒரு மகள்' என்று போட முடியுமா? பெயருக்கும் இடம் இருந்தால், லுட்மிலா.