தாய்மாமன் காரும் ஐந்து ஈரக் கோணிகளும்

என்னிடம் இருக்கும் புத்தகங்களில் பாதியை நான் படித்திருக்கிறேன். மீதியைப் படித்ததாகச் சொல்லியிருக்கிறேன். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தது ஒரே ஒரு புத்தகத்தைத்தான். அது என் எலெக்ட்ரிக் காரோடு இலவசமாக வந்தது.

வண்டியை ஒப்படைத்த அன்று ஷோரூம் பெண் அதை என் கையில் கொடுத்து, "சார், வண்டி நின்னப்புறமும் சில சமயம்..." என்று ஏதோ தொடங்கினாள். நான் "தெரியும்மா, தெரியும்மா" என்று தலையாட்டிக்கொண்டே, மாலை போட்ட காருக்கு எந்தப் பக்கம் நின்றால் படத்தில் தொப்பை தெரியாது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். (ஐம்பத்திரண்டு வயசுல எந்தப் பக்கம் நின்னாலும் தெரியும்.)

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, செஞ்சியில் என் அக்கா மகள் கலைவாணிக்கு நிச்சயதார்த்தம். எங்கள் வழக்கப்படி, தாய்மாமன் கொண்டுவரும் புடவையைக் கட்டிக்கொண்டு பெண் வந்து உட்கார்ந்தால்தான் தட்டு மாற்றுவார்கள். தாய்மாமன் நான் ஒருவன்தான். தகுதி எதுவும் பார்க்காமல் கொடுக்கும் பதவி என்பதால் எனக்குக் கிடைத்தது. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாறிவிட வேண்டும். முந்தின நாள் அக்கா போனில் மூன்று முறை சொன்னாள்: "புடவைய மறந்துடாதடா. மத்தபடி நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

சென்னையிலிருந்து கிளம்பி, செஞ்சிக்குச் சற்று முன்னால் வேக சார்ஜரில் வண்டிக்கு வயிறு முட்ட ஏற்றி, பத்தரைக்கு மண்டபத்துக்குள் நுழைந்தேன். வைகாசி மாதம். செஞ்சியில் வெயில் பாதி வானத்திலிருந்து வரும், பாதி மலைப் பாறைகளிலிருந்து வரும். நிழல் கிடைக்காமல் சமையல்கட்டுக்கு வெளியே மதில் ஓரமாக நிறுத்தினேன். பொங்கல் வாசனை வந்தது. புடவைப் பையைப் பின்சீட்டிலேயே விட்டுவிட்டு நேராகப் பந்திக்குப் போனேன். (புடவை ஆறிடாது. பொங்கல் ஆறிடும்.)

பதினொரு மணிக்குப் புடவையை எடுக்கத் திரும்பினேன். பூட்டிய கார், உள்ளே ஆள் இல்லை, சாவி என் சட்டைப்பையில். ஆனால் கார் பேசிக்கொண்டிருந்தது. முதலில் 'டிக்... டிக்...' பிறகு எதுவோ 'டப்' என்று சாத்திக்கொண்டது. பிறகு 'ஊம்ம்ம்' என்று அடித்தொண்டையில் ஒரு முழக்கம். முன்பக்கத்திலிருந்து அடுப்பு வாய் போல அனல் அடித்தது. பானட் மேல் கை வைத்தேன். சுட்டது. (அந்த வெயில்ல பக்கத்துல நின்ன ஆட்டோவும்தான் சுட்டிருக்கும். அதத் தொட்டுப் பாக்கணும்னு எனக்குத் தோணல.) போனில் பார்த்துவைத்திருந்த, எரியும் வண்டி வீடியோக்கள் எல்லாம் வரிசையாக மனதில் ஓடின.

"எல்லாரும் வெளிய ஓடுங்க! பேட்டரி வெடிக்கப் போவுது!"

சமையல்காரர் ஜன்னலில் தலை நீட்டினார். "இன்னா சார் சத்தம்? நம்ம கிரைண்டரா?"

"கார் பேட்டரி! வெடிக்கப் போவுது!"

"ஐயய்யோ, இங்க ஆறு சிலிண்டர் இருக்குதே!" என்றவர், பாதி கொதித்த சாம்பாரை அப்படியே விட்டு அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியோடு ஓடினார். அவர் ஓடுவதைப் பார்த்துப் பந்தி ஓடியது. பந்தியைப் பார்த்து மேளக்காரர்கள் ஓடினார்கள். எதிரே ராஜகிரிக் கோட்டை பார்த்துக்கொண்டிருக்க, எத்தனையோ முற்றுகைகளைக் கண்ட ஊரில் ஒரு மண்டபம் மூன்றே நிமிடத்தில் வீழ்ந்தது. எல்லோரும் சாலைக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்றார்கள். அந்தப் பரபரப்பில் ஒரே ஒருத்தியை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. மாடி அறையில் புடவைக்காகக் காத்திருந்த கல்யாணப் பெண்.

மாப்பிள்ளையின் அப்பா ஓடவில்லை. அவர் மல்லாட்டை வியாபாரி. (செஞ்சியில போய் அதை வேர்க்கடலைன்னு சொன்னீங்கன்னா வெளியூர்க்காரன்னு கண்டுபிடிச்சுடுவாங்க.) "நெருப்புன்னா ஈரக் கோணிதான் சார்" என்று தன் மினி லாரியிலிருந்து இரண்டு கோணிகளை உருவி, அண்டாத் தண்ணீரில் முக்கினார். நாங்கள் இருவரும் அவற்றைக் காரின் மூக்கின் மேல் போர்த்தினோம்.

கார் இன்னும் பலமாக உறுமியது.

"பாத்தீங்களா, சீறுது!" என்றேன். "இன்னும் போடுங்க!"

மூன்றாவது கோணி. உறுமல் அலறலானது. நான்காவது. ஐந்தாவது. ஊர்ச் சந்தையில் பிடிபட்ட பன்றிபோல வண்டி கத்தியது. நான் பத்தடி தள்ளி நின்று, லித்தியம் என்பது எப்படிப்பட்ட உலோகம் என்று புளியமரத்தடிக்குக் கேட்கும்படி உரையாற்றிக்கொண்டிருந்தேன். வேதியியலில் நான் எடுத்த மதிப்பெண்ணை நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

அப்போது அக்கா சாலையைக் கடந்து வந்தாள். "மணி பதினொன்னு முப்பத்தஞ்சு. புடவை எங்கடா?"

நான் காரைப் பார்த்தேன். அக்காவும் காரைப் பார்த்தாள்.

"உள்ளயா?"

"பின்சீட்ல."

"உன்ன நம்பி ஒரு துணியக் கொண்டாரச் சொன்னேன் பாரு!" புளியமரத்தடியில் மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், "ஆரம்பமே இப்டி இருக்குது. வேற நாள் பாத்துக்கலாமா?" என்று பக்கத்தில் சொல்வது காதில் விழுந்தது. அந்த நிமிடம்தான் எனக்கு உண்மையிலேயே வியர்த்தது. இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து அமைந்த சம்பந்தம். கலைவாணிக்கும் பிடித்திருந்த மாப்பிள்ளை.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து அவளே இறங்கி வந்தாள். பழைய காட்டன் புடவை, தலை நிறையப் பூ, கையில் நலங்கு மஞ்சள். தினமும் பக்கத்து ஊரான சிங்கவரத்திலிருந்து மின்சார ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்குப் போய் கணக்கு சொல்லிக் கொடுப்பவள். வந்தவள் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"கிட்ட போவாத கலை!"

"மாமா, புகை வந்துச்சா?"

"இல்ல..."

"கருகின நாத்தம்?"

"இல்ல, சாம்பார் வாசனதான்..."

"எப்ப சார்ஜ் போட்டீங்க?"

"வர்ற வழியில. வேக சார்ஜ்."

அவள் கோணிகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டாள். அலறல் உறுமலாகி, உறுமல் முனகலாகிச் சற்று நேரத்தில் அடங்கியது. சாவியை வாங்கிக் கதவைத் திறந்தவள், முதலில் புடவையை எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். பிறகு டேஷ்போர்டுக்குள் கைவிட்டு, என் கை படாத புத்தகத்தை எடுத்து, உறையைப் பல்லால் கிழித்து, பக்கம் தேடி, சாலை முழுக்கக் கேட்கும் வாத்தியார் குரலில் படித்தாள். வெயிலிலும் வேக சார்ஜுக்குப் பிறகும் பேட்டரியைக் குளிர்விக்க, நிறுத்திய வண்டியிலும் விசிறி ஓடும், முன்பக்கம் அனல் வரும், இது இயல்பு. முன்பக்கக் காற்று வழியை எதைக்கொண்டும் மூடக் கூடாது.

"அது மூக்கப் பொத்திட்டு, ஏன் கத்துறன்னு கேட்டா இன்னா மாமா பண்ணும் அது?"

புளியமரத்தடியில் முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அடுத்து அந்த அத்தை. கையில் சொட்டும் கோணியோடு நின்ற சம்பந்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டி நல்லாத்தான் சார் இருக்குது. ஓனருக்குத்தான் ஒரு ஈரக் கோணி போடணும்."

பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது தட்டு மாறியது. சாம்பாரில் முருங்கைக்காய் கடைசிவரை வேகவில்லை.

ஆவணியில் கல்யாணம். சம்பந்தி வீட்டார் தாய்மாமனுக்கு வைத்த மரியாதைத் தட்டில் வெற்றிலை பாக்கு, பட்டு வேட்டி. அதன்மேல் நான்காக மடித்து மஞ்சள் நூல் கட்டிய ஒரு புதுக் கோணி. மேடையில் அதை இரு கைகளாலும் வாங்கும் என் படம்தான் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கம்.

அந்தக் கோணி இப்போதும் என் கார் டிக்கியில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை இரண்டு முறை முழுக்கப் படித்துவிட்டேன். ஒரு பக்கத்தில் மட்டும் மஞ்சள் விரல் தடம். வண்டி நின்றபிறகு 'ஊம்ம்ம்' என்று தொடங்கினால் வீட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் எதையாவது விளக்கத் தொடங்கினால்தான் என் மனைவி டிக்கியைத் திறக்கிறாள்.