குட்டியன் ஐயரைக் கொஞ்சிய படலம்

வாழி கைலாசநாத ஐயர்! திருநீறு துலங்கும் நெற்றியரும், தொப்புள்வரை தொங்கும் உருத்திராக்க மாலையரும், மார்கழிக் குளிருக்கு வெறும் மார்பைக் காட்டிய மறவரும், சரவணைக் கிராமத்து ஆலடிப் பிள்ளையாருக்குப் பரம்பரை பரம்பரையாகத் தண்ணீர் வார்த்த குடியில் வந்தவருமாகிய அவர் வாழி! அவர் இடுப்பில் ஈரம் சொட்டிய நாலுமுழ வேட்டி வாழி! அவர் தோளில் வீற்றிருந்த பித்தளைக்குடம், நெளிவுகள் பல கண்டதாயினும், வாழி! ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு மார்கழித் திங்களில், திருவெம்பாவைப் பூசைக்காலத்தில், நன்னீர்க் கிணற்றடிக்கும் கோயில் வாசலுக்கும் இடையிலே அவர் ஆற்றிய பெரும்போரைச் சொல்லப் புகுகின்றோம். பிள்ளையார் எம் நாவைக் காப்பாராக. அந்தப் போரில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது மட்டும் எமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எதிர்நின்றவன் பெயர் குட்டியன். அவனைப் பகைவன் என்றால் பிழை. அவன் பகைத்திருந்தால் ஐயர் தப்பியிருப்பார்.

மார்க்கண்டு என்னும் தோட்டக்காரரின் மூத்த மகன் கப்பலில் வேலை செய்பவன். அவன் எந்தத் துறைமுகத்திலோ, எந்த மாலுமியிடமோ பெற்று, பிஸ்கட் பெட்டிக்குள் பஞ்சு பரப்பிக் கொண்டுவந்து தாயின் மடியில் விட்டபோது அந்த நாய் உள்ளங்கையளவுதான் இருந்தது. ஆகவே தாய் சிவக்கொழுந்து அதற்குக் குட்டியன் என்று பெயரிட்டாள். பெயர் நின்றது, உடம்பு நிற்கவில்லை. அது முதலில் கன்றுக்குட்டியை ஒத்தது, பிறகு கன்றை ஈன்ற பசுவை ஒத்தது. அண்டா நிகர்த்த தலையும், ஈரத்துவாய் நிகர்த்த நாக்கும், உலக்கை நிகர்த்த வாலும் உடையோனாய், அந்த வால் மகிழ்ச்சியில் சுழலும் வேளையில் குசினியிலுள்ள சட்டிபானைகள் யாவும் உடைந்து உருள, சீலாமீன் தலைகளைச் சிவக்கொழுந்தின் கையாலேயே உண்டு வளர்ந்த அந்த மாவீரன் யாரையும் கடித்தறியான், குரைத்தும் அறியான். கள்ளன் வந்தால் வாசல்வரை சென்று வரவேற்று, உள்ளே அழைத்துவந்து, அலுமாரியைக் காட்டக்கூடிய பண்பினன். அவன் என்ன சாதி நாய் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. தன் சாதி இன்னதென்று அயலாருக்குத் தெரியாமல் சரவணையில் வாழும் பெரும்பேறு அவன் ஒருவனுக்கே வாய்த்திருந்தது.

போர் மூண்ட காரணம் ஒரு மோதகம். கார்த்திகை விளக்கீட்டு நாளன்று பூசை முடித்து வீடு திரும்பிய ஐயர், மார்க்கண்டுவின் வேலியில் ஓலை விலகிய பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்த அந்த அண்டாத் தலையைக் கண்டு இரங்கி, கையிலிருந்த பிரசாதத்தில் ஒன்றை எறிந்தார். மோதகம் மண்ணைத் தொடவில்லை. அந்தக் கணமே குட்டியன் தன் இதயத்தை ஐயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டான்.

கோயிற் கிணறு உவர். பிள்ளையாருக்கு வார்க்கவும் ஐயர் தலைமுழுகித் தோயவும் தகுந்த நன்னீர், மார்க்கண்டுவின் வளவைத் தாண்டி அப்பால் உள்ள ஊர்க்கிணற்றில்தான் இருந்தது. ஆகவே திருவெம்பாவை தொடங்கிய முதல் நாள், சேவல் கூவுமுன் எழுந்து, துலாவில் நீர் அள்ளித் தலையில் வார்த்து, பற்கள் தாளமிட நாமங்களை உச்சரித்து, குடம் நிறைத்துத் தோளில் ஏற்றி, ஒருவரும் தீண்டாத தூய்மையோடு ஐயர் வேலிகளுக்கிடையே ஓடும் ஒழுங்கைவழி நடந்தார். தொலைவில் சங்கும் சேமக்கலமும் ஒலித்தன. மார்கழிப் பனி வழிவிட்டது. வேலிப் பொட்டு வழிவிடவில்லை.

பொட்டிலிருந்து புறப்பட்டது ஒரு கரும்புயல். ஈரடி மண்ணிலும் ஈரடி ஐயரின் தோள்களிலுமாக எழுந்து நின்ற குட்டியன், அவர் நெற்றித் திருநீற்றை ஒரே நக்கில் அழித்தான். அடுத்த நக்கில் இடக்கன்னம். அதற்கடுத்ததில் வலக்கன்னம், மூக்கு, மூடத் தவறிய வாய். கோட்டை மதில் சரிவதுபோல் குடம் சரிந்தது. பிள்ளையாருக்கு உரிய நீரில் ஒழுங்கை அபிடேகமாயிற்று. முந்தினநாள் சீலாமீனின் மணம், கற்பூரத்தையும் சந்தனத்தையும் மட்டுமே அறிந்த மேனியெங்கும் பரவியது.

ஐயர் திரும்பிப் போய் மறுபடி தோய்ந்தார். மறுபடி புறப்பட்டார். மறுபடி கொஞ்சப்பட்டார். கோயிலில் கூடி நின்ற சனம் பாடவேண்டியதைப் பாடி முடித்து, இன்னொருமுறையும் பாடி முடித்து, மூன்றாம் முறை பாடுவதற்குக் குரலின்றி நின்றபோது, கிழக்கு நன்றாக வெளுத்தபின் அவர் வந்து சேர்ந்தார்.

அன்று பின்னேரமே ஐயர் மார்க்கண்டுவின் வாசலில் போய் நின்றார். கதிரை போட்டார்கள், அவர் அதில் அமரவில்லை.

"ஐயா, அவன் ஒண்டும் செய்யான்," என்றார் மார்க்கண்டு. "கடிக்கமாட்டான். அன்பு கூடினால் மேலை ஏறுவான், அவ்வளவுதான்."

"கடிச்சாலும் பரவாயில்லை, மார்க்கண்டு. போய் ஊசி போட்டுக்கொள்ளுவன்," என்றார் ஐயர். "இவன் கொஞ்சுறானே, இதுக்கு எந்த ஆசுப்பத்திரியிலை ஊசி இருக்குது?"

உள்ளேயிருந்து சிவக்கொழுந்து, "பாவம், அது வாயில்லாச் சீவன்," என்றாள்.

"வாய்தானே அம்மா பிரச்சினை," என்றார் ஐயர்.

மார்க்கண்டு மானமுள்ள மனிதர். மகன் கொண்டுவந்த கப்பற்கயிற்றை, புயலிலும் அறாதது என்று பேர்பெற்றதை, குட்டியனின் கழுத்திலும் வேலிக்கு நட்ட கதியால் மரத்திலுமாகக் கட்டினார். கயிறு பேருக்குப் பழுது வைக்கவில்லை, அறவேயில்லை. மறுநாள் விடியலில் ஐயரின் ஈரக்காலடி கேட்டதும், குட்டியன் கதியாலையும், கதியாலோடு சேர்ந்த நாலுமுழ வேலியையும், வேலியில் காய்ந்துகொண்டிருந்த சிவக்கொழுந்தின் சீலையையும் தேர்போல் இழுத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் எழுந்தருளினான். ஓலைக்கும் சீலைக்கும் நாய்க்கும் இடையில் சிக்கிய ஐயரை வெளியே எடுக்கவே நெடுநேரம் சென்றது. அதன் பின்னல்லவா தோய்தல்!

இவ்வண்ணம் நாள்தோறும் போர் நடந்தது. நாள்தோறும் அன்பே வென்றது.

கோயிலின் மனேச்சர் தியாகலிங்கத்தார். நெல்வயலும் பனங்காணியும் உடையவர். நேரம் காட்டும் தம் கைமணிக்கூட்டைப் பிள்ளையாருக்கு அடுத்தபடியாக நம்புபவர். திருவாதிரைக்கு முதல்நாள், பூசை பிந்தி முடிந்ததும், அவர் கொடிமரத்தடியில் நின்று எல்லோரும் கேட்க முழங்கினார்:

"ஐயா, நாளைக்குத் திருவாதிரை. நாளைக்கும் பிந்தினால் நான் நயினாதீவிலை இருந்து வேறை ஐயரைக் கூப்பிடவேண்டி வரும். நாயாலை பிந்தினது எண்டு பிள்ளையாருக்கு நான் சொல்ல ஏலாது."

சனம் சிரித்தது. ஐயர் சிரிக்கவில்லை. கோயிலென்றால் அவருக்குச் சோறு; கோயிலென்றால் அவருக்கு வீடு; தகப்பன் மணியடித்த கயிற்றில் தம் கையும் பட்டிருக்கிறது என்ற நினைப்புத்தான் அவருக்கிருந்த ஒரே சொத்து. அதை ஒரு நாயின் நாக்குத் துடைத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. அன்று இரவு அவர் இலைக்கு முன்னால் இருந்தார். சோற்றை இலையின் ஓரத்துக்கு ஓரம் நகர்த்தினார்.

மனைவி பாலாம்பிகை, அரசருக்கு மந்திரி போல, மோர் வார்த்தபடி உபாயம் சொன்னாள்: "ஒழுங்கையாலை ஏன் போறியள்? கிணத்தடியாலை பின்னுக்கு இறங்கித் தரவையாலை சுத்திப் போங்கோ. மார்க்கண்டர் வீட்டுப் பக்கமே போகாதையுங்கோ. நான் சிவக்கொழுந்தக்காவிட்டைச் சொல்லி நாயை அறைக்குள்ளை பூட்டுவிக்கிறன்."

"அது கதவையும் கொண்டு வருமே?"

"தேக்கங்கதவு. வராது."

திருவாதிரை விடிந்தது. தியாகலிங்கத்தாரின் சொல் ஊரெங்கும் பரவியிருந்ததால், பூசை பார்க்கவும் ஐயர் தோற்பதைப் பார்க்கவும் சனம் நிறைந்து நின்றது. தோய்ந்து, குடமேந்தி, தரவையில் இறங்கினார் ஐயர். மாரிமழை குடித்த புல்வெளி கடல்வரை விரிந்து கிடந்தது. முன்னே தெரிந்தது கோயிற்கூரை. பின்னே, வெகு தொலைவில், மார்க்கண்டுவின் வளவு அரவமின்றிக் கிடந்தது. ஆகா, அந்த நடையை எவ்வாறு உரைப்போம்! நாடு பிடித்து மீளும் மன்னர்களும் அப்படி நடந்திருப்பார்களோ? திருநீறு அழியவில்லை. குடத்தில் ஒரு துளி குறையவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது. வாய் பதிகம் பாடியது. குட்டியனை மன்னித்துவிடலாம் என்னுமளவுக்கு அவர் உள்ளம் விரிந்தது.

அப்போது வடகிழக்கே, ஆமியின் விமானத்தளம் இருக்கும் பலாலிப் பக்கமாக, வானம் இருமத் தொடங்கியது.

ஹெலி. பனைகளின் தலை தடவத் தாழப் பறந்து வந்தது. கோயிலில் சங்கு நின்றது, சேமக்கலம் நின்றது; சனம் ஆலமரத்தடியிலும் மடத்துக்குள்ளும் புகுந்து மறைந்தது. வெட்டவெளித் தரவையின் நடுவே, வெள்ளை வேட்டியும் பளபளக்கும் குடமுமாய், வானிலிருந்து பார்ப்பவனுக்கு இதைவிடத் தெளிவான குறி அமையாது என்னும்படி ஐயர் தனித்து நின்றார். பக்கத்தில் இருந்தது மழைவெள்ளம் ஓடும் ஒரு வாய்க்கால் மட்டுமே. குடத்தைக் கரையில் வைத்துவிட்டுச் சேற்றுக்குள் விழுந்தார்.

மார்க்கண்டுவின் அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுந்தது. உலகில் எதற்கும் அஞ்சாத குட்டியன் அஞ்சுவது அந்த இரைச்சல் ஒன்றுக்குத்தான். தேக்கங்கதவு தாங்கியது, நிலை தாங்கவில்லை. வேலியை உடைத்து, கிணற்றடியைக் கடந்து, புல்லைக் கிழித்துக்கொண்டு, கண்கள் வெளித்தள்ள, வால் வயிற்றோடு ஒட்ட, தனக்கு இந்த உலகத்தில் மிகப் பிடித்த மனிதனைத் தேடி ஓடிவந்தான் அவன். வந்து வாய்க்காலுக்குள் பாய்ந்து, ஐயரின் கைக்கும் விலாவுக்கும் இடையில் அந்தப் பென்னம்பெரிய தலையைச் செருகிக்கொண்டான்.

அன்று அவன் நக்கவில்லை. நடுங்கினான். நாயின் நடுக்கம் ஐயருக்கு ஏறியதா, ஐயரின் நடுக்கம் நாய்க்கு இறங்கியதா என்று பிரித்தறிய இயலாதபடி இரண்டு நெஞ்சும் ஒன்றாய் அடித்தன. தலைக்குமேல் இரைச்சல் நின்று சுழன்றது. ஐயர் கண்ணை மூடி, இரண்டு கைகளாலும் நாயை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதையடா," என்றார் அதன் காதுக்குள். "பயப்படாதை. அது போயிடும். நான் நிக்கிறன்தானே."

ஹெலி ஒன்றும் செய்யவில்லை. ஒரு வட்டமடித்துவிட்டுத் தெற்கே கடற்பக்கமாய்ப் போனது. இரைச்சல் தேய்ந்து தேய்ந்து, ஈற்றில் தவளைச் சத்தம் கேட்டது.

"ஐயா," என்றது வாய்க்காலின் வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு குரல். "போயிட்டுதே?"

ஐயர் திடுக்கிட்டுத் தலையை நிமிர்த்தினார். அங்கே பட்டுவேட்டியும் சால்வையும் சேற்றில் ஊற, குப்புறக் கிடந்தபடி தலையை நீட்டினார் தியாகலிங்கத்தார். கோயிலுக்குச் சைக்கிளில் வந்தவர், சைக்கிளைத் தரவையில் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் பாய்ந்திருந்தார். கைமணிக்கூடு தண்ணீருக்குள் இருந்தது.

"ஓம், போயிட்டுது."

"நான் எல்லாத்தையும் பாத்துக்கொண்டுதான் கிடந்தனான்," என்றார் மனேச்சர் மெல்ல எழும்பி. அந்தச் சேற்றிலும் அவருக்கு அதிகாரம் திரும்பிக்கொண்டிருந்தது. "நீங்கள் நாயைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு..."

அவர் வசனத்தை முடிக்கவில்லை. ஆபத்து நீங்கியதை உணர்ந்து, உயிரோடிருப்பதன் ஆனந்தம் தாளாமல், அருகில் இன்னொரு மனித முகமும் இருப்பதைக் கண்டுகொண்டான் குட்டியன். எழுந்தான். பாய்ந்தான். வயலும் காணியும் உடைய அந்த முகத்தை, நெற்றி தொடங்கி நாடிவரை, நாள்பட்ட கடனைத் தீர்ப்பவன்போல ஒழுங்காக நக்கித் துடைத்தான். தியாகலிங்கத்தார் மறுபடியும் சேற்றில் மல்லாந்தார்.

"ஐயோ! ஐயா, பிடியுங்கோ! வாயெல்லாம் மீன் மணக்குது!"

"ஓம் மனேச்சர்," என்றார் கைலாசநாத ஐயர், ஒரு மார்கழிப் பொறுமை முழுவதையும் அந்தச் சொற்களில் வைத்து. "சீலாமீன்."

தியாகலிங்கத்தார் வானத்தைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். தம் பட்டுவேட்டியைப் பார்த்தார். பிறகு முதலில் ஒரு தும்மல் போல வந்து, நெஞ்சு குலுங்கி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஐயரும் சிரித்தார். அதற்கிடையில் கரையிலிருந்த குடத்துக்குள் தலையை விட்டு, அபிடேக நீரைக் குட்டியன் குடித்து முடித்தான்.

ஊர்க்கிணற்றடியில் மனேச்சரே துலாவைப் பிடித்தார் என்று அறிக. "முதல் நீங்கள் தோயுங்கோ ஐயா, நான் அள்ளி வாக்கிறன்," என்று அவர் வார்த்தார். பிறகு அவருக்கு ஐயர் வார்த்தார். சிவக்கொழுந்து ஓடிவந்து, குட்டியனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அழுதுகொண்டே அவனை ஏசினாள். மார்க்கண்டு பெயர்ந்த கதவுநிலையை அப்படியே விட்டுவிட்டு வந்து, ஐயரும் மனேச்சரும் கோயில் வாசலை அடையும்வரை தாமே நாயின்மேல் ஏறி இருந்தார்.

வெயில் ஏறியபின் மணி அடித்தது. ஒளிந்திருந்த இடங்களிலிருந்து சனம் ஒவ்வொருவராய் வந்து சேர்ந்தது. பாடிய குரல்கள் சற்றே நடுங்கின. தியாகலிங்கத்தார் கொடிமரத்தடியில் நின்று, ஈரத்தலையோடு, எல்லோரும் கேட்க முழங்கினார்:

"இண்டைக்கு ஹெலியாலை பூசை பிந்திப்போச்சுது. ஐயரிலை ஒரு பிழையும் இல்லை. வேறை ஐயர் ஒருத்தரும் வராயினம்."

தீபம் எழுந்தது. சங்கு முழங்கியது. எண்டிசையும் காக்கும் ஆனைமுகத்தான் புன்னகைக்க, தரவைப் புல்லெலாம் பனிமுத்தம் உதிர்க்க, நாய்வாய்ப்பட்டும் நலங்கெடாத நாயகராய், போரிலே தோற்றும் புகழிலே குன்றாத பூசகராய், கைலாசநாத ஐயர் கற்பூரத் தட்டேந்தி வீரத் திருக்கோலத்தோடு சனத்தை நோக்கித் திரும்பினார்.

மறுநாள் ஐயருக்குத் தடிமன் பிடித்து மூக்கொழுகியது.