சொந்தக்காரக் கடைகளும் சீனி போடாத தேத்தண்ணியும்

"என்ரை பிள்ளை வாய் திறந்து ஒண்டும் கேக்க மாட்டாள், தம்பி. ஆனால் ஒண்டு..."

கலியாண வீட்டில் மாமனார் தியாகராசா காதுக்குள் இவ்வளவும் சொல்லி முடிக்கக் கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. மிச்சத்தைத் தவில் விழுங்கியது. மாமனாரின் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. பஞ்சலிங்கத்தார் மரியாதைக்குத் தலையை ஆட்டிவைத்தார். மாமனார் போய்ச் சேர்ந்து கனகாலம். அந்த 'ஆனால்' என்னவென்று இனி யாரிடம் கேட்பது?

முதல் பாதி உண்மைதான். மனைவி குணலட்சுமி ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் பயம். கேட்கிற மனுசிக்கு ஏதாவது பொய்யைச் சொல்லித் தப்பலாம். கேட்காத மனுசிக்கு எந்தப் பொய்யைச் சொல்வது?

கிளினிக்கில் பஞ்சலிங்கத்தாருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று சொன்ன அன்றே கொக்குவில் வீட்டுக் குசினியில் ஆட்சி மாறியது. சீனிப் போத்தல் தலைமறைவானது. பொரிக்கிற தாச்சி குப்புறப் படுத்துக்கொண்டது. குரக்கன் பிட்டு, வல்லாரைச் சம்பல், பாவற்காய்க் கறி. மேசைக்கு வந்ததெல்லாம் ஒன்றில் கறுப்பு, இல்லாவிட்டால் பச்சை.

பஞ்சலிங்கத்தார் ஓய்வுபெற்ற நில அளவைக்காரர். எந்த ஒழுங்கை எந்த வேலியில் முட்டி நிற்கும் என்று அறிந்த மனுசன். அப்படிப்பட்டவரை ஒரு குரக்கன் பிட்டு அடைத்து வைத்திருக்க முடியுமா? "வாசிகசாலைக்குப் போய்ப் பேப்பர் பாத்திட்டு வாறன்" என்று பின்னேரங்களில் சைக்கிளை எடுப்பார். சைக்கிள் வாசிகசாலை வாசலில் ஒரு மணி அடித்துவிட்டு அப்பாலே போய்விடும்.

பெரிய ஆசையொன்றும் இல்லை. கரண்டி நிற்கிற மாதிரிச் சீனி போட்ட ஒரு பால் தேத்தண்ணி. கடித்தால் பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்க்கிற மாதிரி நொறுங்குகிற ஒரு கடலை வடை. ஒரு நாளில் தனக்கென்று மிஞ்சியது அந்த அரை மணித்தியாலம்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கடையில் நல்ல கவனிப்பு வாங்குவதற்கு அவரிடம் ஒரு வித்தை இருந்தது. வாங்கில் குந்த முன்னமே சொந்தம் பிடிப்பார்.

"தம்பி, நீர் எவடம்?" என்று ஸ்ரேசனடித் தேத்தண்ணிக் கடைக்காரன் மயூரதனிடம் முதல் நாளே கேட்டார்.

"ஏழாலை, ஐயா."

"ஏழாலையிலை ஆற்றை மோன்?"

மயூரதன் தகப்பன் பெயரைச் சொன்னான். பஞ்சலிங்கத்தார் கண்ணை மூடினார். இரண்டு கலியாணம், ஒரு செத்தவீடு, ஒரு காணிப் பிரச்சினை எல்லாவற்றுக்குள்ளாலும் புகுந்து வெளியே வந்தார்.

"அப்ப கொம்மா, என்ரை மனுசியின்ரை சின்னம்மாவின்ரை மோளுக்கு மச்சாளெல்லே! நீர் எனக்கு மருமோன் முறை காணும்!"

அதோடு வடை சூடாக வரும். தேத்தண்ணியில் சீனி ஒரு கரண்டி கூட விழும். இப்படியே சண்டிலிப்பாயில் வீட்டு வாசலில் வடை சுட்டு விற்கிற தக்சாயினியைப் பெறாமகள் ஆக்கினார். சுன்னாகத்தில் ஒரு கொத்துரொட்டிக்காரனை மச்சான் ஆக்கினார். பஞ்சலிங்கத்தார் ஒற்றைப் பிள்ளை, தன் பக்கத்தில் பிடிப்பதற்குச் சொந்தமே இல்லை. அதனால் பிடித்ததெல்லாம் குணலட்சுமியின் பக்கத்துச் சொந்தம். இரவல் சொந்தத்தில் வடை தின்கிறோமே என்று ஒரு நாளாவது யோசித்தாரா? இல்லை. வடை சூடாக இருந்தது.

ஒரு பின்னேரம் மயூரதனின் தேத்தண்ணி சப்பென்று இருந்தது.

"மருமோன், சீனி போட மறந்துபோனீர்."

"போட்டனான், மாமா. அடியிலை கிடக்கும், கலக்குங்கோ."

கலக்கினார். அடியில் கிடந்தது கரண்டி மட்டும்தான்.

"இப்ப வாற சீனி அப்பிடித்தான் மாமா. இனிப்பில்லை."

"இனிப்பில்லாட்டி அதுக்கு ஏன் காணும் சீனியெண்டு பேர்?"

"அதைக் கப்பலிலை ஏத்தினவங்களைத்தான் கேக்கவேணும்."

அடுத்த நாள் சண்டிலிப்பாய். தட்டில் வடை மலைபோலக் கிடந்தது. தக்சாயினி அவருக்கு முன்னால் ஒரு கோப்பை அவித்த கடலையை வைத்தாள்.

"பிள்ளை, வடை தாவன்."

"முடிஞ்சுது, சித்தப்பா."

"அப்ப உந்தத் தட்டிலை கிடக்கிறது?"

"அது ஓடர். ஒரு அம்மா வருவா, அவவுக்கு."

"இவ்வளவத்தையும் அந்த அம்மா தனியவே தின்னுறவ?"

"நல்ல வாய் அவவுக்கு" என்று தக்சாயினி மற்றப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

சுன்னாகத்தில் கொத்துரொட்டிக்குள் ரொட்டியைக் காணவில்லை. கோவாவும் கரட்டும்தான் கொத்துப்பட்டிருந்தன. கேட்டால், "மச்சான், இதுதான் இப்ப பாசன்" என்றான் அவன்.

பஞ்சலிங்கத்தாருக்குச் சந்தேகம் பிடித்தது. முதலில் தன் நாக்கின் மேல். குணலட்சுமி கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்துக் குசினிக்குள் புகுந்தார். அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்திருந்த சீனிப் போத்தலைக் கண்டுபிடித்து ஒரு கரண்டி வாயில் போட்டார். தேவாமிர்தம்! நாக்கில் பிழை இல்லை.

"குசினிக்கை என்னப்பா சத்தம்?" கிணற்றடியில் இருந்து குரல் வந்தது.

"எலி போலை கிடக்கு."

"ஓம், நானும் அப்பிடித்தான் நினைச்சனான். சாறம் கட்டின எலி."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த சந்தேகம் குணலட்சுமியின் மேலேயே விழுந்தது. அவள் இப்போதெல்லாம் இரவில் சாப்பிடுவதில்லை. "பசியில்லை" என்று அவருக்கு மட்டும் பிட்டை வைத்துவிட்டுப் பாட்டொன்றை முணுமுணுத்தபடி போய்விடுகிறாள். மெலிந்தாளா? இல்லை. கன்னம் மினுங்கியது. ஒரு நாள் அவளுடைய சீலைத் தலைப்பில் சிவப்பாக ஒரு கறை. பஞ்சலிங்கத்தார் மெல்லக் குனிந்து மணந்தார். நண்டுக் குழம்பு! வீட்டுக்கு நண்டு வந்து மாதக் கணக்கு.

"உதென்னப்பா சீலையிலை?"

"பெயின்ற். கோயில் கேற்றுக்கு அடிச்சிருக்கினம். தெரியாமல் சாஞ்சிட்டன்."

போய்ப் பார்த்தார். கோயில் கேற் பச்சை நிறமாக நின்றது.

திரும்பி வந்து கேட்டுவிடலாம்தான். ஆனால் எப்படிக் கேட்பது? 'நண்டு எங்கை சாப்பிட்டனீர்?' என்றால், 'நீங்கள் வடை எங்கை சாப்பிட்டனீங்கள்?' என்று வரும். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒன்றும் கேட்காமல் இருந்தால் அந்த வீடு எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அவருக்கு அந்தக் கிழமைதான் விளங்கியது.

யோசித்து யோசித்துக் கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். கெட்டுப்போன கடையெல்லாம் சொந்தக்காரக் கடை. எங்கேயோ ஒரு சொந்தம் வாய் விடுகிறது. அப்படியென்றால் சொந்தம் என்ற நூல் ஓடாத ஒரு கடை வேண்டும். கோப்பாய் றோட்டில் கிளரன்ஸ் என்று ஒருவர் வீட்டோடு சேர்த்துச் சின்னக் கடையொன்று வைத்திருந்தார். வேதக்கார வீடு, ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிற ஆக்கள். றோல்சும் கட்லட்டும் அந்த மாதிரி என்று ஊர் முழுக்கக் கதை. சைவ சமயத்துக் குணலட்சுமிக்கு அங்கே மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. பஞ்சலிங்கத்தார் முடிவாகச் சைக்கிளை மிதித்தார். வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்: ஊர் கேட்கப்படாது. பேர் சொல்லப்படாது. சொந்தம் பிடிக்கவே படாது.

உள்ளே போய்க் குந்தினார். கிளரன்ஸ் துவாயால் மேசையைத் துடைத்தார்.

"ஐயா எவடம்?"

எல்லா இடத்திலும் தான் முதலில் கேட்கிற கேள்வி. தனக்கு நேரே அது வந்ததும் பஞ்சலிங்கத்தாருக்கு வியர்த்தது.

"மட்டக்களப்பு."

"ஆ, எனக்கு அங்கை கனபேரைத் தெரியும். மட்டக்களப்பிலை எவடம்?"

"வாவிக்குக் கிட்ட."

"வாவிக்கு எந்தப் பக்கம்?"

"தண்ணியில்லாத பக்கம்."

கிளரன்ஸ் துவாயைத் தோளில் போட்டார். "ஐயாவின்ரை கதை அசல் யாழ்ப்பாணக் கதையாக் கிடக்கு?"

"பஸ்ஸிலை வரேக்கை பழகினது. ரண்டு மட்டன் றோல்ஸ் கொண்டாங்கோ. பால் தேத்தண்ணி ஒண்டு. சீனி கூட."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். உள்ளே எண்ணெய் கொதித்தது. றோல்ஸ் விழுகிற சத்தம் காதில் கேட்டது. எத்தனை நாள்! மேசையில் கோப்பை வைக்கிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார்.

அவித்த கடலை.

பக்கத்தில் வெறுந்தேத்தண்ணி. கொண்டு வந்து வைத்தவர் கிளரன்சின் மனைவி மியூரியல்.

"சாப்பிடுங்கோ, பஞ்சலிங்கண்ணை" என்றார் அவர் அன்பாக.

பஞ்சலிங்கத்தார் பதில் சொல்ல வாய் திறக்க முன்னம், உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து இன்னொரு குரல் வந்தது.

"மட்டக்களப்பிலையிருந்து சைக்கிளிலை வந்தவர், மியூரியல். களைச்சுப்போயிருப்பார். முதல்லை தண்ணி குடு."

திரை விலகியது. காற்றாடிக்குக் கீழே, நல்ல கதிரையில், குணலட்சுமி இருந்தாள். முன்னால் ஒரு பிளேற் நிறைய மட்டன் றோல்ஸ். கையில் ஒன்று, பாதி கடித்தபடி.

"நீர்... நீர் இஞ்சை என்னப்பா செய்யிறீர்?"

"பேப்பர் பாக்கிறன்."

மியூரியல் வாயைப் பொத்திக்கொண்டார். "குணமும் நானும் மிசன் பள்ளிக்கூடத்திலை ஒரே வாங்கு, அண்ணை. நெற்போல் ரீமிலையும் ஒண்டாத்தான் நிண்டனாங்கள். உங்கடை கலியாணத்துக்கும் வந்தனான். மேளச் சத்தத்திலை உங்களோடை கதைக்கத்தான் முடியேல்லை."

பஞ்சலிங்கத்தார் உள்ளே போய் மனுசிக்கு முன்னால் குந்தினார். நில அளவைக்காரனின் எல்லைக்கல் முழுவதையும் யாரோ பிடுங்கி எறிந்த மாதிரி இருந்தது.

"நான் இஞ்சைதான் வருவன் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ரை சொந்தக்காரற்றை கடை எல்லாம் முடிஞ்சுதெல்லே. இனிச் சொந்தமில்லாத இடம் தேடுவியள். உந்தச் சைக்கிள் ஓடக்கூடிய தூரத்திலை அப்பிடி ஒரு கடை இதுதான்."

"அப்ப மயூரதனுக்குச் சொன்னதும் நீர்தானோ?"

"நான் ஏன் போய்ச் சொல்லுறன்? அவன்தான் முதல்லை ரெலிபோன் எடுத்தவன். 'மாமி, மாமா எண்டு ஒருத்தர் வந்து சீனி சீனியெண்டு கேக்கிறார், உங்கடை ஆள்தானோ' எண்டு. நீங்கள் முறை சொல்லிச் சொல்லிப் போட்ட பாதைதானே. நான் அதிலை நடந்து போனன், அவ்வளவுதான்."

"சரி, சொன்னீர். நண்டு ஏன் திண்டனீர்?"

குணலட்சுமி றோல்ஸைக் கீழே வைத்தாள். அவளுக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்ட மாதிரி இருந்தது.

"சொந்தக்காரற்றை கடைக்குப் போய், என்ரை மனுசனுக்குச் சீனி போடாதையுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வெறும் வயித்தோடை எழும்பி வர ஏலுமே? என்ன நினைப்பினம்? அவையள் வைக்கினம், நான் சாப்பிடுறன். ஒருக்காப் போனால் காணுமே? சொன்னபடி செய்யினமோ எண்டும் பாக்கவேணும். நீங்கள் போற கடை கூடக் கூட, நான் சாப்பிடுற கடையும் கூடிக்கொண்டு போகுது. உங்களாலை எனக்கு எவ்வளவு அலைச்சல்!"

"உமக்கும் சீனி வந்தால்?"

"கிளினிக்கிலை பாத்தனான். இல்லை."

பஞ்சலிங்கத்தார் எழும்பினார். மேசையில் கையை அடித்தார். "இனி நான் ஒரு கடைக்கும் போறேல்லை! வீட்டிலையே கிடக்கிறன்!"

முதல் தடவையாகக் குணலட்சுமியின் முகம் மாறியது.

"ஐயோ, அப்பிடிச் செய்யாதேங்கோ! போன முறை டொக்டர் என்ன சொன்னவர்? சீனி நல்லா இறங்கிட்டுது, அப்பிடியே விடாமல் செய்யுங்கோ எண்டெல்லோ? அது குரக்கனாலை எண்டு நினைச்சியளோ? சண்டிலிப்பாய்க்கும் சுன்னாகத்துக்கும் மிதிச்சதாலை. நீங்கள் வீட்டிலை குந்திட்டால் உங்களுக்குச் சீனி ஏறும். நான் தனியக் கடைகடையாப் போனால் ஆக்கள் என்ன கதைப்பினம்?"

கிளரன்சும் மியூரியலும் இதற்கு ஓம் என்று தலையாட்டினார்கள். பஞ்சலிங்கத்தார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கலியாண வீட்டில் தவில் விழுங்கிய அந்த 'ஆனால்' என்னவென்று இப்போதுதான் விளங்கியது: கேட்க மாட்டாள், ஆனால் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டார். நொறுங்கவில்லை.

குணலட்சுமி பிளேற்றை அவர் பக்கம் ஒரு விரல் அளவு தள்ளினாள்.

"இனி ஒளிச்சு வைக்க என்ன கிடக்கு. ஒண்டாவே போவம். நாளைக்குச் சண்டிலிப்பாய். நான் ஓட்டோவிலை போறன். நீங்கள் சைக்கிளிலை வந்தால், என்ரை வடையிலை ஒரு கடி தாறன்."

"நானும் ஓட்டோவிலை வந்தால்?"

"கடலை."

அடுத்த நாள் சண்டிலிப்பாய்க்குச் சைக்கிளில் போவதென்று பஞ்சலிங்கத்தார் முடிவெடுத்தார்.