புடலைக்குக் கட்டிய நாற்பது கல்

இராஜபாளையம்
8-8-94

அருமைப் பேத்தி காளீஸ்வரிக்கு அம்மாச்சி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை நீ கேட்கவும் இல்லை.

அன்று மடவார் வளாகத்து மண்டபத்தில் நடந்த கலைப்போட்டிக் கண்காட்சியில் யார் யார் இருந்தார்கள் என்பது எனக்கு மறக்காது. நீ, உன் அம்மா, மோட்டார் மாட்டிய வேலுசாமி, வடை கிடைக்கும் என்று வந்த பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள், நடுவராக வந்த வஞ்சுளவல்லி டீச்சர், பொறவு நான். பரிசு வாங்கி மைக்கைப் பிடித்து வேலுசாமிக்கு நன்றி சொன்னாய், மூங்கில் கடைக்காரருக்குச் சொன்னாய், வடை தின்ற பிச்சைக்குக்கூடச் சொன்னாய். என் பேர் வரவில்லை.

நீ செய்தது என்ன? பேண்டேஜ் துணியைச் சுருள்கம்பியில் சுற்றி, புடலங்காய் மாதிரி நாற்பது செய்து பந்தலில் தொங்கவிட்டாய். கீழே பலகையை மிதித்தால் மோட்டார் ஓடி அம்புட்டும் சுருண்டு மேலே போகும், இறங்கினால் நீளும். “செடியே ஆளைக் கண்டு அசையுற மாதிரி இருக்கணும் அம்மாச்சி” என்றாய். நீங்கள் சாப்பிடப் போன செத்த நேரத்தில் ஒவ்வொரு நுனியிலும் ஒரு கல்லைக் கட்டினேன். கல் கட்டாத புடலை கோணிக்கிட்டுத்தானே வளரும்? டீச்சர் வந்து பலகையில் ஏறினார். மோட்டார் உறுமி, புகைந்து, நின்றுவிட்டது. “இந்தக் கிழவிய யாருய்யா உள்ள விட்டது?” என்று கத்தினான் வேலுசாமி. நாலு வயசில் ஊசி போட்ட அன்றைக்கு நடுங்கின மாதிரி உன் உதடு நடுங்கிச்சு. அந்நேரம் பார்த்துப் பிச்சை, “ஏட்டி, அம்மிக்கல்லையா கட்டியிருக்கா?” என்று ஒன்றை இழுத்து விட்டாள். அது துள்ளி அடுத்ததை இடிக்க, அது அடுத்ததை இடிக்க, பந்தலே ஆடியது. டீச்சரும் ஒன்றை இழுத்துவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். பொறவு இழுத்துப் பார்க்க வாசல் வரைக்கும் வரிசை. “மோட்டார் எதுக்கு? கையே போதும்” என்று டீச்சர் முதல் பரிசையும், அதோடு சேர்ந்த அகமதாபாத் கலைக் கல்லூரி இடத்தையும் உனக்கே தந்தார். ஆக, பரிசு என் கல்லுக்குத்தான்.

அந்த ஊர்ப் பருப்பில் இனிப்புப் போடுவார்களாமே? காரப்பொடி அனுப்பியிருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. மாரியாத்தா உன் கூடவே இருப்பாள்.

இப்படிக்கு,
அம்மாச்சி இசக்கியம்மாள்

பி.கு.: நன்றி வேண்டாம் தாயி. பேண்டேஜ் துணி வளராது என்று எனக்குத் தெரியாதா? பரிசு கிடைத்தால் அகமதாபாத் போயிருவேன் என்று உன் அம்மாவிடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது. அது அசையாமல் கிடந்தால் நீயும் இங்கேயே கிடப்பாய் என்றுதான் கட்டினேன். கிழவி என்ற வேலுசாமியை மன்னித்துவிட்டேன். முதல் கல்லை இழுத்த பிச்சையையும் மன்னித்துவிட்டேன். உன்னை ரயிலேற்றி விட்ட அந்த வஞ்சுளவல்லியை மட்டும் மாட்டேன்.