கொய்யா மரத்துக்கு வளைகாப்பு

கொய்யா மரத்துக்கு நாற்பத்தைந்து நாள் கெடு வைத்தார் கஜபதி வாத்தியார். மரத்துக்கு அது தெரியாது. மனைவி அம்சாவுக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் திட்டமே.

திருத்தணியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர் அவர். ஆசைப்பட்டுப் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். கார் பக்கத்து வீட்டு உபைத்தின் மெக்கானிக் ஷெட்டில் நின்றது. வீட்டுக்கு வர வழியில்லை. கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவில், அம்சா வைத்து வளர்த்த கொய்யா நின்றுகொண்டிருந்தது.

"மரத்த வெட்டிட்டு கார் ஷெட் போட்டுடலாம் அம்சா."

"தாராளமா வெட்டுங்க. நாளையிலேர்ந்து அந்தக் காரையே சமைக்கச் சொல்லுங்க."

பேச்சு அத்தோடு முடிந்தது. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் கஜபதி ஜெயித்த வாதம் ஒன்றுகூட இல்லை. ஆனால் இவ்வளவு சீக்கிரமாக அவர்கூட ஒருபோதும் தோற்றதில்லை.

மறுநாள் வகுப்பில் பாடம் நடத்தும்போதே அவருக்கு வழி பிறந்துவிட்டது.

"வேர் உறிஞ்சற தண்ணி சைலம் வழியா மேல போவுது. இலை சமைக்கற சாப்பாடு புளோயம் வழியா கீழ வருது. சைலம் உள்ள கட்டையில. புளோயம் வெளிய பட்டையில. பட்டைய மட்டும் சுத்தி வளையமா உரிச்சிட்டா இன்னா ஆவும்?"

பிள்ளைகள் விழித்தார்கள். அவரே சொன்னார்.

"தண்ணி மேல போய்கினே இருக்கும். மரம் பச்சையா நிக்கும். வேருக்கு மட்டும் சோறு எறங்காது. பட்டினியில வேர் சாவும். வேர் செத்தா மரம் சாவும். யார் மேலயும் ஒரு பழியும் வராது."

கடைசி வாக்கியம் புத்தகத்தில் இல்லை.

சனிக்கிழமை அம்சா திருவாலங்காட்டில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். கஜபதி கத்தியும் ஸ்டூலுமாகக் களத்தில் இறங்கினார். அடிமரத்தில் கை வைத்தால் சமையலறை ஜன்னலிலிருந்தே தெரிந்துவிடும். அதனால் இலை மறைவாக, மேலே பிரிகிற ஐந்து கொம்புகளிலும் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தார். இலையிலிருந்து சோறு இறங்க இந்த ஐந்தை விட்டால் வேறு வழி ஏது? வேலை முடிந்ததும் ஒரு கொய்யாவைப் பறித்துக் கடித்தார். துக்க வீட்டுச் சாப்பாடு போலக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் ருசியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து திரும்பினால், ஐந்து கொம்பிலும் ஐந்து பொட்டலம். தேங்காய் நார்த்தூள், செம்மண், மேலே பாலிதீன் காகிதம், அதற்கு மேலே சணல் கட்டு.

"இன்னாது அம்சா இது?"

"அணில் கடிச்சி வெச்சிருக்குதுங்க. கட்டு போட்டிருக்கேன்."

"அணிலா?"

"ஆங். அஞ்சு கொம்புலயும் ஒரே அளவு. ஸ்கேல் வெச்சாப்பல. படிச்ச அணில் போலக்குது."

கஜபதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமுவதுபோல் பாவனை செய்து அடக்கினார். மண்ணை அப்பிக் கட்டினால் போன புளோயம் திரும்பி வந்துவிடுமா? விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அறிவியலுக்கு எங்கே போவாள், பாவம்!

"கட்டு காயக் கூடாதுங்க. ஸ்டூல் ஏறி ஏறி எனக்கு இடுப்பு போச்சு. தெனம் நீங்கதான் நனைக்கணும்."

"அதுக்கின்னா, நனைச்சிட்டாப் போச்சு!"

ஊசி போடுகிற சிரிஞ்சு ஒன்று வாங்கிவந்தார். காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை, ஐந்து கட்டுக்கும் தண்ணீர் ஏற்றினார். உபைத்தின் மனைவி ஷபீனா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, மரத்துக்குக் காய்ச்சலா?"

"கடைசி காலம்மா. நாமதானே பாத்துக்கணும்."

மூன்றாவது வாரம் காய்கள் பருத்தன. ஒவ்வொன்றும் கைக்கு அடங்காத அளவு, கடித்தால் கற்கண்டு. கீழே இறங்க வழியில்லாத சர்க்கரையெல்லாம் காயிலேயே தங்கிவிட்டது என்று கஜபதிக்குக் கணக்காகப் புரிந்தது. அணையப் போகிற விளக்கு அப்படித்தான் பிரகாசமாக எரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நம்பிக்கை முற்றிப்போய், ஷெட்டுத் தூண்களுக்காக நாலு குழி தோண்டவும் ஆரம்பித்தார். அம்சா கேட்டதற்கு, "மழைத்தண்ணி எறங்கட்டுமேன்னு," என்றார்.

"நல்ல யோசனைங்க. இன்னும் ஒரு அடி ஆழமா போடுங்க. அப்படியே கொஞ்சம் எருவும் கொட்டிடுங்க."

தூணுக்கு எதற்கு எரு என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் தூண் வெளியே வந்துவிடும். கொட்டினார்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஷெட்டுக்குத் தகரம் சொல்லிவிட்டுத் திரும்பிய கஜபதி, கேட்டருகிலேயே நின்றுவிட்டார். மரம் மொட்டையாக நின்றது! ஐந்து கொம்பையும் காணோம். ஒழிந்தது சனியன் என்று மனசு துள்ளியது.

அப்புறம்தான் குழிகளைப் பார்த்தார். நாலு குழியிலும் நாலு கொய்யாக் கன்றுகள், ஆளுக்கொரு கம்பில் கட்டப்பட்டு நின்றன. ஷபீனாவின் கையிலிருந்த பக்கெட்டில் ஐந்தாவது. அதன் அடியில் வெள்ளை வெளேரென்று வேர்கள் குஞ்சம் கட்டித் தொங்கின.

"பதியன் சூப்பரா வேர் விட்டிருக்குதுக்கா!" என்றாள் ஷபீனா.

பதியன்! கஜபதி குனிந்து வேரைப் பார்த்தார். வளையத்துக்கு மேலே தேங்கிய சாப்பாட்டைத் தின்று, ஈர மண் கிடைத்ததும் கொம்பு அங்கேயே வேர் விட்டிருக்கிறது. அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனால் பதியன் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். அவருக்கு ஒதுக்கியது பத்தாம் வகுப்பு.

மொட்டை மரத்திலும் வளையங்களுக்குக் கீழே புதுத் துளிர்கள் எட்டிப் பார்த்தன. ஒரு மரம் இருந்த இடத்தில் இப்போது ஐந்து.

"அஞ்சு கொம்புக்கும் வளையல் போட்டு வளைகாப்பு நடத்திட்டீங்க," என்றாள் அம்சா. "அப்புறம் கொழந்த பொறக்காதா?"

"அப்போ... காரு?"

"உபைத் ஷெட்லயே இருக்கட்டும். அது அங்க வேர் விட்டு ரொம்ப நாளாச்சு."

ஷபீனா சிரிப்பை அடக்கமுடியாமல் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கஜபதி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அணில் இல்லன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"கட்டு போட ஏறினப்பவே தெரியுங்க. அஞ்சாவது கொம்புல பச்சைத்தோல கொஞ்சம் விட்டிருந்தீங்க. நான்தான் சுரண்டித் திருத்தினேன், வாத்தியாரே."